ஹார்பர் நானூறு

ஷிஜி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த வீட்டில் மற்றவர்கள் ஒன்றரை மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் என்றால் புருஷன் பெனிட்டோவும் நாலாவது படிக்கிற மகள் ஜெஸ்லினும்தான். ஜன்னலில் கறுப்பு ரெக்சின் அடித்திருந்தது. கதவின் கீழ் இடுக்கில் பழைய புடவை ஒன்றைத் திணித்துவிட்டு, தன் கை தனக்கே தெரியாத இருட்டு வந்ததா என்று கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். பிறகுதான் டப்பாவைத் திறப்பாள்.

அவசரமாக வருகிறது என்று ஜெஸ்லின் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லுவாள். திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் நாலு குடித்தனம். ஷிஜி உள்ளே என்ன செய்கிறாள் என்று மற்ற மூன்று வீட்டுக்கும் சரியாகத் தெரியாது. போட்டோ வேலை என்று மட்டும் தெரியும்.

டப்பாவுக்குள் நானூறு அடி நீளக் கலர் ஃபிலிம் தட்டு மாதிரி சுருண்டிருக்கும். ஒரு சுவரில் ஒரு ஆணி, எதிர்ச் சுவரில் ஒரு ஆணி. இரண்டுக்கும் நடுவே ஐந்தரை அடி. ஃபிலிமை இழுத்து அந்த ஆணியிலிருந்து இந்த ஆணி வரை பிடித்துக் கத்தரித்தால் முப்பத்தாறு படத்துக்குச் சரியாக வரும். போட்டோ லேப்பில் ஃபிலிமைக் கழுவிவிட்டுத் தூக்கிப் போடுகிற காலி ரோல் குப்பிகளை ராயபுரத்தில் லேப் வைத்திருக்கும் ஃபர்ஹான் சேர்த்து வைத்துக் கொடுப்பான். குப்பியின் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஃபிலிம் துண்டோடு புது ஃபிலிமை டேப் போட்டு ஒட்டி, அச்சைத் திருகினால் உள்ளே போய்விடும். எல்லாம் விரல் வேலை. வெளியே வந்ததும் குப்பியின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயர் மறைகிற மாதிரி அவர்களுடைய லேபிளைச் சுற்றி ஒட்டுவாள். நீலத்தில் ஒரு கிரேன் படம். கீழே ‘ஹார்பர் 400’.

பெயர் பெனிட்டோ வைத்தது. அவன் துறைமுகத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் கிளார்க். மார்த்தாண்டத்தில் பெரியப்பா மகனுடைய ஸ்டூடியோவில் சின்ன வயதில் கொஞ்ச நாள் இருந்ததால் ஃபிலிம் பற்றி அவனுக்குத் தெரியும். கலர் நெகட்டிவ் ஃபிலிமைத் தயாரிக்கிற கம்பெனிகள் உலகத்திலேயே நாலைந்துதான் என்றும், கடையில் விற்கிற பெயர்களில் பாதி, அந்தக் கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கி வேறு அட்டையில் போட்டவை என்றும் ஷிஜிக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பெரியவர்கள் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம், அவர்கள் தொழிற்சாலையில், நாம் குளியலறையில் என்பான்.

அவர்களுடைய சரக்கு சினிமா நெகட்டிவ். வடபழனியில் கேமரா வாடகைக்கு விடும் இடத்தில் இருந்த சங்கரநாராயணன் என்பவர், விளம்பரப் படப்பிடிப்புகளில் மிச்சமாகிற டப்பாக்களைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார். அந்த ஃபிலிமின் பின்பக்கம் கரிப்பூச்சு இருக்கும். அதைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி எடுத்த பிறகுதான் மருந்தில் போட வேண்டும். ஃபர்ஹான் செய்து கொடுப்பான். படங்கள் நன்றாகவே வந்தன. வெளிநாட்டு ரோல்கள் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடுகிற காலம். காலேஜ் பிள்ளைகளும் கல்யாணப் போட்டோக்காரர்களும் ‘ஹார்பர் 400’ஐத் தேடி வாங்கினார்கள். உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி ஃபிலிம் என்று இன்ஸ்டாகிராமில் பெரிய விவாதமே நடந்தது. ஜெர்மன் என்றார் ஒருவர். இல்லை, ரஷ்யாவில் விமானத்திலிருந்து படமெடுக்க வைத்திருந்தது என்றார் இன்னொருவர். பெனிட்டோ அதையெல்லாம் ஷிஜிக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பான். பதில் போட வேண்டாம், தெரியாமல் இருக்கிற வரைக்கும்தான் மவுசு என்பான்.

போன கார்த்திகையோடு சங்கரநாராயணனிடம் சரக்குத் தீர்ந்துபோனது. கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பெனிட்டோ ஆறு டப்பாக்களை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். வேறு இடத்துச் சரக்கு, ஆனால் அதே ஃபிலிம்தான் என்றான்.

முதல் டப்பாவில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதை எடுத்தபோது மூடியின் விளிம்பில் துரு கையில் ஒட்டியது. உள்ளே ஃபிலிமை இழுத்ததும் இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. ஒட்டின பிளாஸ்திரியை மெதுவாக உரிக்கிற மாதிரி. நல்ல ஃபிலிம் வழுக்கிக்கொண்டு வரும், சத்தம் போடாது. ஷிஜி வெளியே வந்து பெனிட்டோவிடம் சொன்னாள். ஏசி அறையில் இருந்த சரக்கு, கடல் காற்றுக்கு அப்படித்தான் இருக்கும், நீ பாட்டுக்குச் சுற்று என்றான். அவள் சுற்றினாள். ஃபர்ஹானுக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதங்களில் வாங்கியவர்கள் ஒருவரும் குறை சொல்லவுமில்லை. படம் வெளுத்துப் புகைமூட்டமாக வந்ததைப் பார்த்து ஒருவர் கனவு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்கு முந்நூறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

ஜூன் மாதம், கத்திரி போயும் வெயில் போகாத ஒரு செவ்வாய்க்கிழமை. ஷிஜி சங்கரா மீனைக் கழுவி, தேங்காய் அரைக்க எடுத்து வைத்திருந்தாள். ஃபர்ஹான் போன் பண்ணி, அக்கா, கொஞ்சம் லேப்புக்கு வர முடியுமா, கஸ்டமர் ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க என்றான். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை. பெனிட்டோ கப்பல் வேலையாக எண்ணூர்ப் பக்கம் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஷேர் ஆட்டோ கல்மண்டபம் வருவதற்குள் மூன்று இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கி நடந்தே போய்விடலாமா என்று இரண்டு தடவை காலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

லேப்பில் விளக்குப் பலகையின் மேல் நெகட்டிவ்கள் பரப்பி இருந்தன. கலர் நெகட்டிவ் கழுவினால் ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு ரோல் அப்படித்தான் இருந்தது. மீதி நாலும் கஷாயம் காய்ச்சின மாதிரி கறுத்து, இடைக்கிடை திட்டுத்திட்டாகப் பளபளத்தது. ஆட்கள் இருந்த இடத்தில் ஆட்கள் இல்லை. பலகைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. கழுத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அடையாள அட்டை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். பெயர் மகிழினி, வியாசர்பாடி என்று ஃபர்ஹான் சொன்னான்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஷிஜிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒரே கேமராக்கா. ஒரே பேரு போட்ட டப்பா. ரெண்டு ரோலு நல்லா வந்துகீது, நாலு ரோலு போய்ட்ச்சி. கேமராவ நேத்தே செக் பண்ணிட்டேன். அதுல ஒண்ணும் இல்ல. இது இன்னா ஃபிலிமு? எங்கேர்ந்து வந்துச்சி? அத்த மட்டும் சொல்லு.”

ஷிஜி வாயிலிருந்து வந்தது பெனிட்டோ பழக்கி வைத்திருந்த பதில்தான். புது ஸ்டாக்தான், வந்ததும் ஃப்ரிட்ஜில்தான் வைப்போம் என்றாள். சொல்லும்போதே அந்த உரிகிற சத்தம் காதில் கேட்டது.

மகிழினி அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த நாலு ரோலில் என்ன இருந்தது என்று ஃபர்ஹானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர்கள் இருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடு. கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துக் கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று தை மாதம் நோட்டீஸ் வந்தது. எல்லோரும் சிதறிப் போவதற்குள் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் வாசற்படியில் நிறுத்திப் படம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். போனில் எடுத்தது போனோடு போய்விடும், நெகட்டிவாக இருந்தால் யார் கையிலாவது தங்கும் என்பது அவள் எண்ணம். வீட்டுக்கு நாலைந்து படம். மாசியில் எடுத்து முடித்தாள். பங்குனியில் பிளாக்கை இடித்துவிட்டார்கள். எல்லா ரோலையும் ஒன்றாகக் கழுவக் காசு சேரட்டும் என்று வைத்திருந்தவள், இப்போது அவசரமாகக் கொண்டுவந்ததற்குக் காரணம் பீம்ராவ். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். மே மாதம் இறந்துபோனார். முப்பதாம் நாளுக்கு அந்த வாசலில் நிற்கிற படத்தைப் பெரிதாக்கி வைக்க வேண்டும் என்று அவர் மனைவி கெங்கம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“நாப்பது வர்ஷம் இருந்த வாசலு. இனிமே அந்த ஆளும் இல்ல, வாசலும் இல்ல. நான் போயி இன்னான்னு சொல்றது?” என்றாள் மகிழினி. அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நெகட்டிவ்களை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த ஷிஜிக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தேங்காயைத் துருவினாள், பாதியில் விட்டாள். மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினாள். காற்று மேற்கிலிருந்து திரும்பி அடித்து மணலி ஆலைகளின் வாடையைக் கொண்டுவந்தது. ஜன்னலைச் சாத்தினாள், புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்தாள். பள்ளி விட்டு வந்த ஜெஸ்லின், குளியலறை திறந்து கிடப்பதைப் பார்த்து, இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஆறு மணிக்குப் பெனிட்டோ வந்தான். சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“அந்த ஆறு டப்பாவும் எங்க கிடந்தது?”

“ஏன், என்னவாம்?”

“ஏசி ரூம்ல இருந்ததாக்கும்னு சொன்னிய. எந்த ஏசி ரூமு?”

அவன் முகம் கழுவிவிட்டு வந்தான். துவாலையை மடித்தான், விரித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். யாரோ சினிமாக் கம்பெனிக்காரன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் எடுக்க வராத சரக்கு. எண்ணூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் கிடந்தது. ஏலத்திலும் யாரும் கேட்கவில்லை. பழைய இரும்போடு சேர்த்துக் கழித்துக் கட்டியபோது அவன் பார்த்து வாங்கிக்கொண்டான்.

“எவ்வளவு நாளு கிடந்தது?”

“மூணு வருஷம் இருக்கும்.”

“வெயில்லயா?”

“கன்டெய்னருக்க உள்ளதான் கிடந்தது.”

“மூணு சித்திரை வெயிலு இரும்புப் பெட்டிக்க உள்ள. சோத்துப் பானையில வச்சது போல.” ஷிஜி அவன் முகத்தையே பார்த்தாள். “நான் சத்தம் கேக்குன்னு சொன்னப்ப உங்களுக்குத் தெரியும்.”

அவன் அதை மறுக்கவில்லை. முதல் டப்பாவிலிருந்து ஒரு ரோல் எடுத்துக் காசிமேட்டில் வெயிலில் சோதித்துப் பார்த்தேன், கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான் என்றான். பெட்டியின் நடுவில் இருந்தது தப்பித்திருக்கும், சுவரை ஒட்டி இருந்தது வெந்திருக்கும், அதை யார் கண்டது என்றான். மற்றவர்கள் நாயையும் கடலையும் டீக்கடையையும் எடுக்கிறார்கள், அவர்களுக்கு இதுவே அழகாகத்தான் இருக்கிறது என்றான். அந்தப் பெண்ணுக்கு ஆறு ரோல் சும்மா கொடுத்துவிடலாம், கூரியரில் எக்ஸ்ரே பட்டிருக்கும் என்று சொல்லலாம் என்றான்.

“எதில இருந்து ஆறு ரோல் குடுப்பிய? அதே டப்பாவில இருந்தா?”

“பின்ன உண்மையச் சொன்னா பேரு போயிரும் பிள்ளே.”

“எந்தப் பேரு? நாம ஒட்டின பேருதானே.”

அவன் சாப்பிடாமல் எழுந்து வாசலுக்குப் போனான். அவளும் சாப்பிடவில்லை. பாதி துருவின தேங்காய் அப்படியே கிடந்தது.

மறுநாளிலிருந்து ஷிஜி குளியலறைக்குள் வேலைக்குப் போகவில்லை. நான் இனி அதுக்குள்ள கேற மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இன்னும் இரண்டு டப்பா பிரிக்காமல் இருந்தது. பெங்களூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் எப்போது வரும் என்று கேட்டுச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. பெனிட்டோ போனைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான், வேலைக்குப் போவான். அந்த வாரம் முழுக்க ஜெஸ்லின்தான் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனாள். சாயா ஆறுதாம். சட்டையில பட்டன் போச்சாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவனே டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். புடவையைத் திணிக்கிற சத்தம் கேட்டது. ஷிஜி சமையலறையில் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆணியில் எதுவோ மாட்டிக் கீழே விழுந்தது. அவன் தனக்குள் ஏதோ முணுமுணுத்தான். அவனுக்கு அந்த வேலை கை வராது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் அந்த இருட்டில் உட்கார்ந்ததில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே அவன் ஃபிலிமை இழுத்தான். வெளியில் நின்ற அவளுக்கே கேட்டது. அந்த டப்பா முன்னதைவிட மோசம். ஒவ்வொரு சுற்றும் உரிந்து உரிந்து வந்தது. அவன் இழுப்பதை நிறுத்தினான். மறுபடி கொஞ்சம் இழுத்தான். மறுபடி நிறுத்தினான்.

“கேட்டியளா?” என்றாள் ஷிஜி கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து.

நெடுநேரம் கழித்துக் கதவைத் திறந்தான். தலைமுதல் கால்வரை வியர்வை. ஃபிலிம் அவன் கையிலும் முழங்காலிலும் சிக்கிக் கிடந்தது. வெளிச்சம் பட்டுவிட்டதே என்ற பதற்றம் அவனிடம் இல்லை. அந்த டப்பாவையும் பிரிக்காமல் இருந்த மற்றதையும் சாக்கில் போட்டுக் கட்டினான். செய்திகளுக்கெல்லாம் சரக்கு இல்லை என்று பதில் அனுப்பினான். ஆனால், அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்வோம் வாருங்கள் என்று ஷிஜி கூப்பிட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை அவள் மட்டும் போனாள். மகிழினி குடும்பம் வியாசர்பாடியிலேயே இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தது. போகிற வழியில் அந்த பிளாக் இருந்த இடத்தைப் பார்த்தாள். தகரத் தடுப்புக்குப் பின்னால் கல்லும் கம்பியும் குவிந்திருந்தன. ஒரு லாரி பின்பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஷிஜி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கன்டெய்னர், மூன்று வருஷம், துரு, சத்தம். தெரிந்தும் சுற்றினேன், அன்றைக்கு லேப்பில் உன்னிடம் சொன்னது பொய் என்றாள். மகிழினி வேலைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னாண்ட ஏன்க்கா சொல்ற? நான் எட்த்தவ. லீவு போட்டுட்டு, துணி மாத்திக்கினு, புள்ளைங்களுக்குத் தல வாரிவுட்டு நின்னாங்களே, அவங்க முப்பத்தோரு வூடு. அவங்கள்ட்ட சொல்லு. நான் கூட்டினு போறேன். நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்.”

அப்படித்தான் அது தொடங்கியது. மகிழினிக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்திலெல்லாம் இருவரும் போனார்கள். பாதிப் பேர் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் வாடகைக்கு இருந்தார்கள். சிலர் எர்ணாவூர்ப் பக்கம். பெரும்பாக்கம் போனவர்களைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. முதல் வீட்டில் ஷிஜி பாதி சொல்லிவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னாள். நாலாவது வீட்டுக்குள் அவள் சுருக்கிச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். மகிழினி இடைமறித்து, முழுசா சொல்லுக்கா என்றாள்.

ஒரு வீட்டில், போட்டோதானே, போனால் போகட்டும் என்று மோர் கொடுத்தார்கள். ஒரு ஆள் அரைமணி நேரம் திட்டினார். அவர் திட்டியது பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்தவர்களையும் வாடகை வீட்டுக்காரரையும். கேட்டு நின்றது ஷிஜி. ஒரு பெண், அந்தப் படத்தில் என் மகன் இருந்தான், இப்போது அவன் துபாயில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு வீடுகளில் இந்த வாசலிலேயே இப்போது எடுத்துவிடு என்று மகிழினியிடம் கேட்டார்கள். அவள் கேமரா கொண்டு வரவில்லை.

பெனிட்டோ அந்த நாட்களில் சீக்கிரம் வீட்டுக்கு வந்து சோறு வடித்து வைத்தான். ஜெஸ்லினுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தான். ஷிஜி செருப்பைக் கழற்றும்போதே, என்ன சொன்னாங்க என்று கேட்பான். அவள் ஒன்று விடாமல் சொல்லுவாள். மோர் கொடுத்தவர்களைப் பற்றிச் சொன்ன அன்றுதான் அவன் முகம் மிகவும் சிறுத்துப்போனது.

முப்பது வீடு முடிந்தது. கெங்கம்மாவை மகிழினி கடைசிக்கு வைத்திருந்தாள். முப்பதாம் நாள் படம் இல்லாமலே போய்விட்டது. லேப்பில் லேட்டாகிறது என்று அதுவரை சமாளித்து வந்திருந்தாள்.

“இந்த ஒரு வீட்டுக்கு நீங்க வரணும்” என்றாள் ஷிஜி. “முப்பது வீட்டுல நான் உங்களுக்கும் சேத்துச் சொல்லியாச்சு. இது எனக்கு ஏலாது.”

அவன் வந்தான். ஃபர்ஹான் அந்த நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, என்னென்னவோ செய்து, ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தான். அதைக் கவரில் வைத்து மடங்காமல் பிடித்துக்கொண்டிருந்தான் பெனிட்டோ.

மூலக்கொத்தளத்தில், இடுகாட்டுச் சுவரை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரே அறை. பீம்ராவை அந்தச் சுவருக்கு அந்தாண்டைதான் புதைத்திருந்தார்கள். கெங்கம்மா ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன உருவம். வாசலில் மூன்று பேராக நிற்பதைப் பார்த்ததும், முதலில் பெனிட்டோவின் கையிலிருந்த கவரைத்தான் பார்த்தார். பாயை விரித்து உட்காரச் சொன்னார். அலமாரியில் ஒரு சின்ன புத்தர் சிலை, பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருந்த வெறும் சுவர்.

ஷிஜி பேசத் தொடங்குவதற்குள் கெங்கம்மாவே பேசினார். அந்த நாள் காலையில் பீம்ராவ் இரண்டு தடவை சட்டை மாற்றினாராம். வெள்ளைச் சட்டைதான் எடுப்பாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்தாராம். தான் கதவில் சாய்ந்து நின்றதற்கு, நேராக நில்லு, இது நம்ப வூடு, விருந்தாளி மாதிரி சாயாதே என்று அதட்டினாராம். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

பெனிட்டோ கவரைக் கொடுத்தான். அவர் பிரிண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். கதவு நிலையின் ஒரு கோடு தெரிந்தது. நடுவில் வெளிர்ப்பாக ஒரு திட்டு. அது சட்டையாக இருக்கலாம். அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் புகை. தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இதோ தோள் என்று மகிழினி காட்ட வந்தாள். கெங்கம்மா அவள் கையை விலக்கினார்.

“இதுல அவரு இல்ல” என்றார். “இத்த மாட்டிக்கினு தெனமும் அவர நான் இதுல தேடினு இருக்கணுமா? வேணாம். எட்த்துனு போயிடு.”

பிரிண்டைத் திரும்பக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட பெனிட்டோவின் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றது.

“அம்மா, இது கெட்டுப்போன ஃபிலிமாக்கும்” என்றான். ஷிஜி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “மூணு வருஷம் யார்டுல இரும்புப் பெட்டிக்க உள்ள வெயில்ல கிடந்தது. கழிச்சுப் போட்டதுல இருந்து நான்தான் எடுத்தேன். எனக்கு அது தெரியும். இவ அன்னைக்கே சொன்னா, நான் கேக்கல்ல. நல்லதுக்குள்ள பேரையே அதுலயும் ஒட்டி வித்தேன். உங்க வீட்டுக்காரருக்க படம் போனது என்னாலயாக்கும்.”

கீழே சந்தில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் இழுபடுகிற சத்தம் கேட்டது. தனக்கும் சேர்த்து யாராவது வரிசையில் இடம் பிடித்திருக்கிறார்களா என்று கெங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அழுவார் என்று ஷிஜி பயந்துகொண்டிருந்தாள். அவர் அழவில்லை.

“எவ்ளோ பேருக்கு வித்துக்கிற இத?”

“நூத்திச் சில்லறை பேரு இருக்கும். வேற வேற ஊரு.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“யாரும் ஒண்ணும் கேக்கல்ல அம்மா. நாங்க இப்ப விக்கியதும் இல்ல.”

“நீ விக்கல சரிப்பா. வாங்கினவன் கேமராக்குள்ள கீதுல்ல?” கெங்கம்மா பாயில் உட்கார்ந்தார். “இந்நேரத்துக்கு எவளோ ஒருத்தி எந்த ஊர்லயோ அப்பனையோ புருஷனையோ நேரா நில்லுன்னு நிக்க வெச்சினு இருப்பா. அந்த ஆளும் சட்ட மாத்தினு வந்து நிப்பான். அவளுக்கு யாரு சொல்றது?”

அந்தக் கேள்வி இத்தனை நாளாகத் தனக்குத் தோன்றாமல் போகவில்லை என்று ஷிஜிக்குத் தெரியும். முப்பத்தோரு வீடு முடிந்தால் போதும் என்று அதைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள்.

பெனிட்டோ போனை எடுத்தான். அறைக்குள் சிக்னல் இல்லை. எழுந்து மாடிப்படிக்குப் போய், கூரியர் அனுப்பிய பட்டியலில் முதல் பெயரைத் தேடினான். கோயம்புத்தூர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

“சார், திருவொற்றியூர்ல இருந்து பெனிட்டோ பேசியேன். ஹார்பர் நானூறு ஃபிலிமு உங்களுக்கு அனுப்பியிருந்தோம். ஆமா சார், மார்ச்சுல. அது இப்ப கேமராவில போட்டிருக்கியளா?” அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். “எத்தன படம் எடுத்திய? போதும் சார், இனி எடுக்க வேண்டாம். நிறுத்துங்க. அது எங்க இருந்து வந்த ஃபிலிமுன்னு நான் சொல்லியேன், முழுசா கேளுங்க.”

கெங்கம்மா வெளியே வந்து, படியில் நின்றவனைத் தாண்டிக் குடத்தோடு கீழே இறங்கினார். ஷிஜி தன் போனை எடுத்து, பட்டியலின் கடைசிப் பெயரிலிருந்து தொடங்கினாள்.